ஏழு மணி ஆனா நெட் எங்கய்யா போகுது?

வேலூர் சத்துவாச்சாரியில சாயங்காலம் ஏழு மணி ஆனா போதும், எங்க வீட்டு நெட் படுத்துக்கும். பொண்ணோட ஆன்லைன் கிளாஸ்ல மிஸ் வாயைத் திறந்தபடி உறைஞ்சு நிக்கிறாங்க, குரல் வரல. ரவுட்டர்ல பச்சை லைட்டு மட்டும் விடாம மினுக்குது.

எங்க பிளான் 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட். நெட் கம்பெனிக்கு போன் பண்ணா, "ஸ்பீட் டெஸ்ட்ல 94 வருதே சார்"ங்கிறாங்க. வரும்! டெஸ்ட் தானா பிடிக்கிறது பக்கத்துல இருக்கிற சர்வரை. பல நேரம் அது அவங்க நெட்வொர்க்குக்குள்ளயே இருக்கும். என் பொண்ணு கிளாஸ் அங்கயா நடக்குது?

அப்புறம் இந்த பிட், பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தாதான் 1 பைட். 100 எம்பிபிஎஸ் முழுசா வந்தாலும் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். பிளான் விக்கிறப்போ ஒருத்தராவது இதைச் சொல்றாங்களா? அப்லோடு, பிங் (தகவல் போய்த் திரும்பி வர்ற நேரம்) பத்தி வாயே திறக்கிறதில்ல. வீடியோ கால் இழுத்தா முதல்ல பாக்க வேண்டியதே அதுதானே!

ஆள் வந்தா, "வைஃபை சுவத்துல அடிபடும் சார்"னு கிளம்பிடுறாரு. லேன் கேபிளை நேரா லேப்டாப்ல சொருகியே காட்டியாச்சு. விடியக்காலம் 94, ராத்திரி 6. அதே கேபிள், அதே லேப்டாப்! தெருவே நெட்டுல உக்கார்ற நேரத்துக்கு ஒரே லைன்ல எத்தனை வீட்டைத் தொங்க விட்டிருக்காங்க? கேட்டா பதில் இல்ல.

2023-ல அரசாங்கம் பிராட்பேண்டுக்கு வச்ச குறைஞ்சபட்ச வேகம் 2 எம்பிபிஎஸ். அதைத் தாண்டிட்டா போதும்னு விட்டுடுவாங்களா? அப்போ 100-க்கு எதுக்கு காசு வாங்கணும்?