பதினெட்டு முடிந்தால் கையெழுத்து செல்லும்
பிளஸ் டூ முடித்தவர்கள் எந்தப் படிப்பில் சேரலாம் என்று வழிகாட்டும் கட்டுரை ஒன்றைப் படித்தேன். நன்றாகவே சொல்கிறது, ஆனால் 18 வயது முடிந்த அன்றிலிருந்து அவர்கள் போடும் கையெழுத்து சட்டப்படி செல்லும் என்பதைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே.

தம்பி தங்கைகளே, விடுதியில் யாராவது "உன் அக்கவுண்ட்டில் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று கேட்டால் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் எதையும் கொடுத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் ஆன்லைன் மோசடியில் யாரோ ஏமாந்த பணம். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான், கணக்கும் முடங்கிப்போகும், அப்பா அம்மா ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டிவரும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? சரி, பயந்து மறைக்காமல் இன்றே வீட்டில் சொல்லுங்கள், வங்கிக்குப் போய்க் கணக்கை நிறுத்துங்கள், சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் கூப்பிடுங்கள். வீட்டில் திட்டுவார்கள், திட்டட்டும், அவர்கள்தான் கூட வருவார்கள்.

அப்புறம், அசல் மதிப்பெண் சான்றிதழ்களைக் கல்லூரி சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018லேயே சொல்லிவிட்டது. தயங்காமல் கேட்டு வாங்குங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6ஐ 17 வயது முடிந்ததுமே கொடுத்து வைக்கலாம்.