பாட்டுக்குப் பின்னால் ஒரு சுரங்க ஊர்
அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸின் ‘லீன் ஆன் மீ’ (என்மேல் சாய்ந்துகொள்) பாட்டு 1972-இல் அமெரிக்காவில் பாடல் தரவரிசையில் முதலிடம் பிடித்ததைச் சொல்லும் கட்டுரை ஒன்றைப் படித்தேன்; அதை எழுதியவர், அந்தப் பாட்டு பிறந்த மண்ணைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்திருக்கலாம். விதர்ஸ் பிறந்தது மேற்கு வர்ஜீனியாவின் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில். அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழ்ந்த இடம். அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் வந்தார், விமானங்களுக்குக் கழிப்பறை செய்யும் ஆலையில்கூட வேலை பார்த்தார். அந்தப் பெருநகரத்தில் ஊரின் ஒட்டுறவு கிடைக்காத ஏக்கம்தான் பாட்டாக வந்தது. புதிதாக வாங்கிய சின்ன மின்பியானோவில், விரல்களை மாற்றாமல் அப்படியே கட்டைகளில் மேலே ஏறிக் கீழே இறங்கியபோது கிடைத்த மெட்டு. தொடக்கத்தைக் கேளுங்கள், அந்த ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். கூட்டமாகச் சேர்ந்து பாட இவ்வளவு தோதான நட்புப் பாட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.