ஈவாவைக் காட்டியிருக்க வேண்டாம்

'அன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகத்தை பிபிசி 2015-ல் டிவி படமாக எடுத்தபோது, தற்கொலை செய்துகொண்ட ஏழைப் பெண் ஈவா ஸ்மித்தைக் கண்ணெதிரே காட்டியதுதான் பலம் என்று ரசிகர்கள் சிலாகித்ததாக ஒரு கட்டுரை சொல்கிறது. எனக்கு அங்கேதான் இடிக்கிறது. ஜே.பி. பிரீஸ்ட்லி எழுதிய மூல நாடகத்தில் அவள் மேடைக்கே வரமாட்டாள். அவள் சாவை விசாரிக்க ஒரு பணக்காரக் குடும்பத்தின் வீட்டுக்கு வரும் இன்ஸ்பெக்டர், அவள் புகைப்படத்தை ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் நீட்டுவார். பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்க்க வந்தால் குறுக்கே நின்று மறைத்துவிடுவார். எல்லோரும் பார்த்தது ஒரே பெண்ணைத்தானா? கடைசியில், அந்த வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயமான ஜெரால்டு கிளப்பும் இந்தச் சந்தேகம்தான் நாடகத்தின் உயிர். படத்திலோ ஆலையிலும் துணிக்கடையிலும் ஈவாவாக நடித்த சோஃபி ரண்டில் முகமே வந்து நிற்கிறது. அப்புறம் சந்தேகத்துக்கு ஏது இடம்?

மற்றபடி இன்ஸ்பெக்டராக வரும் டேவிட் தியூலிஸ், குரலை உயர்த்தாமலே மொத்தக் குடும்பத்தையும் ஆட்டிவைக்கிறாரே, அடேயப்பா! அதற்காகவே இரண்டாம் முறை பார்த்தேன்.