மலைக் குளிரில் ரேடியேட்டர் விசிறி வேண்டாமா?

"ஊட்டிக் குளிருக்கு விசிறி தேவையில்லை. எஞ்சின் ஆறியிருக்கும்போது விசிறி கைக்குச் சுற்றினால் அதன் கிளட்ச் செத்துவிட்டது. கழற்றிவிடுங்கள், மைலேஜ் கூடும்." குன்னூர், கோத்தகிரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

விசிறி கிளட்ச் என்பது விசிறியை எஞ்சினோடு இணைக்கும் பாகம், கியர் மாற்ற மிதிக்கும் கிளட்ச் அல்ல. அதற்குள் சிலிகான் எண்ணெய் இருக்கிறது. ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடானால் முன்னாலுள்ள இரட்டை உலோகச் சுருள் வளைந்து வால்வைத் திறக்கும். எண்ணெய் பாய்ந்து விசிறியை இறுகப் பிடிக்கும். ஆறிய எஞ்சினில் அது லேசான தடையோடு சுற்றுவதுதான் முறை. நன்கு சூடான எஞ்சினை அணைத்துவிட்டுச் சுண்டும்போது தடையே இல்லாமல் பல சுற்று ஓடினால்தான் சந்தேகப்பட வேண்டும். எண்ணெய்க் கசிவும் ஆட்டமும்கூடக் கோளாறின் அடையாளங்களே. (சாவியைக் கையில் எடுத்த பிறகே விசிறியைத் தொடுங்கள்.) எப்போதும் ஓயாமல் இரைந்தால் கிளட்ச் இறுகிப்போயிருக்கலாம், மைலேஜைத் தின்பது அதுதான்.

ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது எதிர்க்காற்று குறைவு, எஞ்சினின் உழைப்போ அதிகம். விசிறி மிகவும் தேவைப்படுவதே அங்கேதான். போதாக்குறைக்கு, சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும்; ரேடியேட்டர் நீரும் சமவெளியைவிடச் சீக்கிரம் கொதிக்கும்.

இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் மின்விசிறிதான், கிளட்ச்சே கிடையாது! உங்கள் வண்டியில் எது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.