கண்ணாடி உடைக்கப்பட்டது

(நாளை பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சை. திண்ணையில் நோட்டும் கையுமாக அப்பா, எதிரே மகன். வாசலில் டிவிஎஸ் எக்ஸ்எல், ஒருபக்கக் கண்ணாடி இல்லாமல். அப்பா அந்தக் காலத்தில் இங்கிலீஷில் 35-ஐத் தொட்டுத் தப்பித்தவர். அது நோட்டில் இல்லை.)

அப்பா: 'ராமா கில்டு ராவணா'. பேசிவ் வாய்ஸ்ல மாத்து.

மகன்: ராவணா வாஸ் கில்டு பை ராமா.

அப்பா: சபாஷ். இப்போ நம்ம வண்டிக் கண்ணாடியப் பத்தி ஒண்ணு சொல்லு.

மகன்: தி மிரர் வாஸ் புரோக்கன்.

அப்பா: பை?

மகன்: யாரு செஞ்சாங்கன்னு தெரியலேன்னா, இல்ல சொல்ல இஷ்டமில்லேன்னா, 'பை'ய விட்டுடலாம்பா. பேசிவ் வாய்ஸோட வசதியே அதான்.

அப்பா: அப்போ சப்ஜெக்ட் யாரு?

மகன்: கண்ணாடி.

அப்பா: வண்டியத் தொடாதேன்னு ஆயிரம் தடவ சொல்லியிருக்கேன்டா!

மகன்: ஹைபர்போலி. ஒண்ண ஆயிரமாக்கிச் சொல்றது.

அப்பா: எரும மாடு மாதிரி நிக்காதே!

மகன்: சிமிலி. 'மாதிரி'ய எடுத்துட்டு நேரா எருமன்னே திட்டுனா மெட்டஃபர்.

அப்பா: எரும! எப்படிடா ஒடஞ்சுது?

மகன்: புளியமரம் குறுக்க வந்துடுச்சுப்பா.

அப்பா: மரம் வருமாடா?

மகன்: மனுஷன் செய்யறத மரம் செஞ்சா பர்சானிஃபிகேஷன்.

அப்பா: (நோட்டை மூடி) சரி, கதையாவே சொல்லு.

மகன்: ஒரு ஊர்ல ஒரு பையன்...

அப்பா: தேர்ட் பர்சன்லாம் வேணாம். 'நான்'னு ஆரம்பி.

மகன்: நான்... ரேஷன் கடை வளைவுல...

அப்பா: செட்டிங்குக்கு எடம் மட்டும் போதுமா?

மகன்: நேரமும் சொல்லணும்பா. நேத்து சாயங்காலம் ஆறு மணி.

அப்பா: ஆறு மணிக்கு நீ டியூஷன்லல்ல இருந்தே?

(மகன் வாயைத் திறந்து, மூடுகிறான்.)

அப்பா: இந்த எடத்துக்குப் பேரு என்னடா?

மகன்: கிளைமாக்ஸ். ஆனா ஃபிளாஷ்பேக் ஒண்ணு இருக்குப்பா. நான் வண்டிய எடுக்கறப்பவே கண்ணாடியில செல்லோ டேப்பு ஒட்டியிருந்துச்சு. நடந்ததுக்கும் முன்னாடி நடந்ததுன்னா பாஸ்ட் பர்ஃபெக்ட். தி மிரர் ஹேட் ஆல்ரெடி பீன் கிராக்டு.

அப்பா: (உள்ளே சமையலறைப் பக்கம் பார்த்து) மெதுவாப் பேசுடா.

மகன்: பை?

அப்பா: அதான் விட்டுடலாம்னு நீயே சொன்னியே! சரி சரி, இது போதும். அடுத்தது பிரிபொசிஷன். எங்க, உதாரணம் ஒண்ணு சொல்லு பாப்போம்.

மகன்: பை.