பார்க்கத்தான் அப்படி

(வடக்கு இங்கிலாந்தில் ஒரு ரெக்கார்டு சந்தை. பழைய சோல் இசையின் 45-கள், அதாவது நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சின்ன இசைத்தட்டுகள், அடுக்கிய பெட்டிக்கு அந்தப் பக்கம் கடைக்காரர்.)

வந்தவர்: இது ஒரிஜினலாண்ணே?

கடைக்காரர்: சத்தியமா ஒரிஜினல் தம்பி. அவரே தொண்டையைத் திறந்து பாடினது.

வந்தவர்: பாடினது யாருன்னு கேக்கலை. தட்டு எப்போ அச்சானதுன்னு கேட்டேன்.

கடைக்காரர்: லேபிளைப் பாருங்க, அச்சு அசல் அறுபதுகள்!

வந்தவர்: லேபிளை யார் வேணா அடிக்கலாம். பாட்டு முடிஞ்சு லேபிளுக்கு முன்னாடி வெறுமனே ஒரு வளையம் இருக்கே, அங்கதான் தட்டோட ஜாதகம். லேபிள் எழுத்து லாஸ் ஏஞ்சலஸ் மோனார்க் ஆலை எழுத்து மாதிரி இருக்கு. அங்க வார்த்ததுன்னா அந்த வளையத்துல சின்ன முக்கோணமும் பக்கத்துல ஒரு எண்ணும் கீறியிருக்கணும். எங்க?

கடைக்காரர்: பார்க்கத்தான் அப்படி. பாட்டு ஜோரா வரும்.

வந்தவர்: அந்தக் காலத்து மோனார்க் 45 ஸ்டைரீன்ங்கிற விறைப்பான பிளாஸ்டிக். லேபிளைத் தனியா ஒட்டியிருப்பாங்க, நகத்தால தட்டினா டக்குனு கேக்கும், வளையாது. இது வாழையிலை மாதிரி வளையுது.

கடைக்காரர்: 2009-ல ஒரே ஒரு 45 இருபத்தஞ்சாயிரத்து எழுநூத்துச் சொச்சம் பவுண்டுக்குப் போச்சு, தெரியுமில்ல?

வந்தவர்: ஃப்ராங்க் வில்சன்ங்கிற சோல் பாடகரோட தட்டு. கம்பெனி வெளியிடாம விட்டு, விரல் விட்டு எண்ணுற அளவுதான் மிஞ்சிச்சு. உங்க "அபூர்வம்" இதே பெட்டியில மூணு நிக்குது.

கடைக்காரர்: சரி, அதை விடுங்க. இதைப் பாருங்க. அசல் ஸ்டைரீன், முக்கோணமும் இருக்கு. தரம் விஜி ப்ளஸ், 'ரொம்ப நல்லது'க்கும் ஒரு படி மேல. 120 பவுண்டு.

வந்தவர்: (தட்டை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்து) ப்ளஸ் எங்க இருக்கு? இந்தக் கீறல்ல நகம் மாட்டுது. 45 வேகத்துல ஒரு சுத்துக்கு 1.33 விநாடி. இருபது கோட்டைக் குறுக்கே வெட்டியிருந்தா 27 விநாடிக்கு டிக், டிக், டிக்.

கடைக்காரர்: தாளத்தோட வரும் தம்பி. பார்க்கத்தான் அப்படி.

வந்தவர்: ஆரம்பம் சாம்பல் பூத்திருக்கே?

கடைக்காரர்: விகன் கேசினோ சோல் நடன கிளப்புல ஆடின தட்டுங்க!

வந்தவர்: தட்டு மேலேயே ஏறி ஆடினாங்களா? டி.ஜே. பாட்டு தொடங்குற இடத்தைப் பிடிக்க, முள்ளை எடுக்காமலே தட்டை முன்னும் பின்னும் ஆட்டுவாரு. வளையுற வினைல் பிளாஸ்டிக் கொஞ்சம் பொறுத்துக்கும், ஸ்டைரீன் பொறுக்காது. முதல் பத்து விநாடி "உஸ்ஸ்"னு பாம்பு சீறும். எந்தத் தண்ணியில கழுவினாலும் போகாது. ஒரு தடவை போட்டுக் காட்டுங்க.

கடைக்காரர்: இங்க கரண்ட் பாயிண்ட் இல்லையே.

வந்தவர்: (பையிலிருந்து பேட்டரி பிளேயரை எடுக்கிறார்)

கடைக்காரர்: ஐயையோ! உங்க முள்ளு என் தட்டைக் கெடுத்துடும்!

வந்தவர்: கெடுக்க இதுல என்னண்ணே மிச்சமிருக்கு? 120 யார் சொன்ன விலை?

கடைக்காரர்: போன்லயே போட்டிருக்கான், பாருங்க.

வந்தவர்: அது யாரோ உறையை விட்டு எடுக்காம வச்சிருந்த தட்டோட விலை. விலை எழுதும்போது அந்தத் தட்டைப் பாக்குறீங்க, விக்கும்போது இந்தத் தட்டை நீட்டுறீங்க. இன்னிக்கு முதல்முறையா நாலு காசு சேர்த்துக்கிட்டு வந்திருக்கிற பொண்ணுக்கு இதெல்லாம் தெரியுமா? ஒரு தடவை இப்படி வாங்கினா மறுபடி சந்தைப் பக்கமே வராது. அப்புறம் "இளசுங்க யாரும் வர்றதில்லை"னு நீங்களே புலம்புவீங்க.

கடைக்காரர்: ...கடைசியா 110.

வந்தவர்: (ஒரு நோட்டை நீட்டுகிறார்) இந்தாங்க.

கடைக்காரர்: தம்பி, இது இருபது பவுண்டு!

வந்தவர்: பார்க்கத்தான் அப்படி.