சாணி என்று சொல்லாதீர்கள்

(அடுக்குமாடிக் குடியிருப்பின் புல்தரை. சங்கச் செயலாளரும் தோட்டக்காரர் முருகேசனும்.)

செயலாளர்: முருகேசன், புல்தரை முழுக்க என்ன இது?

முருகேசன்: சாணி எரு, சார்.

செயலாளர்: நான் ஆர்கானிக் உரம்தானே போடச் சொன்னேன்!

முருகேசன்: அதற்கு எங்கள் ஊரில் சாணி எரு என்றுதான் பெயர்.

செயலாளர்: உஷ்! மூன்றாம் மாடி மேடம் காதில் விழப்போகிறது. ஆன்லைனில் ஐந்து கிலோ முந்நூறு ரூபாய்க்கு வாங்கினேனே, பச்சைப் பை, அது எங்கே?

முருகேசன்: நாலு ரோஜாத் தொட்டிக்கே தீர்ந்துவிட்டது. தரைக்குப் பால்காரர் கொட்டகையில் ஒரு வருஷம் மக்கினதை அள்ளிவந்தேன். அந்தப் பையிலும் 'கவ் மன்யூர்' என்றுதான் போட்டிருக்கிறதாம். இங்கிலீஷில் இருந்தால் நாறாது போல.

செயலாளர்: இது நாறுகிறதே!

முருகேசன்: நன்றாக மக்கின எரு நாறாது, சார். அது நம் செப்டிக் டேங்க்.

(லிஃப்டுக்காக நின்ற நான் சிரிக்கவில்லை. மெயின்டனன்ஸ் பாக்கி இருக்கிறது.)

செயலாளர்: போட்டு நாலு நாளாகிறது, புல் இன்னும் பழுப்புதான். போன வருஷம் யூரியாவுக்கு நாலாம் நாளே கிளிப்பச்சை!

முருகேசன்: யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். இந்தச் சாணி எருவில் நூற்றுக்கு அரைப் பங்குதான் தேறும். அதையும் மண்ணில் இருக்கிற நுண்ணுயிர் தின்று பிரித்துக் கொடுத்தால்தான் வேருக்குப் போகும். ஆனால் மண் பொலபொலவென்று ஆகும், ஈரம் நிற்கும். பொறுக்க முடியாதென்றால் கடலைப் பிண்ணாக்கு கரைத்து ஊற்றலாம், அதில் ஏழு பங்கு.

செயலாளர்: அது நாறுமா?

முருகேசன்: நாறும்.

செயலாளர்: ஆர்கானிக்காகத்தானே நாறும்?

முருகேசன்: பிண்ணாக்காக நாறும், சார்.

செயலாளர்: சரி, கேட் பக்கம் அந்தக் கறுப்பு மூட்டைகள்?

முருகேசன்: வெட்டின புல், வேப்பஞ்சருகு. குப்பை வண்டியில் ஏற்றச் சொன்னீர்களே. புல்லைப் பொடியாக வெட்டித் தரையிலேயே விட்டால் கால்வாசி உரம் மிச்சம். சருகைக் குழியில் போட்டுச் சாணி கரைத்துத் தெளித்தால் நாலைந்து மாதத்தில் உரம்.

செயலாளர்: குப்பை மாதிரி தெரியுமே!

முருகேசன்: அதனால்தான் காசு கொடுத்து அனுப்புகிறோம். அதையே யாராவது மக்கவைத்துப் பச்சைப் பையில் போட்டால், கிலோ அறுபது ரூபாய்க்கு நீங்கள் வாங்குவீர்கள்.

செயலாளர்: அந்தக் காலிப் பையை எறிந்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் காட்ட வேண்டும்.

முருகேசன்: காலிப் பையையா?

செயலாளர்: உங்கள் சாணியை அதில் அடைத்து வையுங்கள்.

முருகேசன்: ஆர்கானிக், சார்.